அளவுத் தூணில் ஒன்பது அடி

“ஒம்பது அடி தண்ணி நிண்ட குளம். கதிர் வாறதுக்கு முன்னம் எப்பிடித் தம்பி வத்தினது?”

ஆடி மாத வெயிலில், கொக்கட்டிக் குளத்தின் அணைக்கட்டில் வைத்து வல்லியம்மை இப்படிக் கேட்டபோது அங்கே இருபது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். அவர்களோடு நின்ற எனக்கும் அன்று பதில் தெரியாது. பதில் தெரிந்த ஒரே ஆள், யாரைப் பார்த்துக் கேட்டாரோ அவர்தான். வட்டவிதானை முனாப். அவர் மதகுத் திறப்பான இரும்புச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

“மழ இல்லியே அக்கா. அல்லாஹ் தரல்ல. நாம என்ன செய்யிற?”

மழையின் மேல் பழியைப் போட்டால் ஒருவருக்கும் கோபம் வராது. எல்லோரும் தலையாட்டினார்கள். வல்லியம்மையும் ஆட்டினார். முனாப் அன்று பகல் சோறு தின்னவில்லை.

முனாப் கிழக்கிலங்கைச் சம்மாந்துறைக்காரர். வயது ஐம்பத்திரண்டு. கொக்கட்டிக் குளம் அவர் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரத் தூரம். சவளக்கடைக்கு மேற்கே வயல் முடிந்து மேட்டு நிலம் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. பெரிய குளம் என்று சொல்ல முடியாது. முந்நூறு ஏக்கர் வயல்வெளிக்கு, வட்டை என்போம், தண்ணீர் கொடுக்கும். அந்த வட்டையில் சம்மாந்துறை, நிந்தவூர் முஸ்லிம்களுக்கும் காணி உண்டு, பக்கத்து ஊர்த் தமிழ்க் குடும்பங்களுக்கும் உண்டு. யாருடைய வயலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்று முறை வைத்துத் திறந்து மூடுகிறவர்தான் வட்டவிதானை. காணிக்காரர்களே கை உயர்த்தித் தெரிந்தெடுப்பார்கள். மாதச் சம்பளம் கிடையாது. அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு காணிக்காரரும் அவருக்கென்று நெல் அளந்து கொடுப்பது வழக்கம். பதினொரு வருடமாக முனாப்பையே தெரிந்தெடுத்து வந்தார்கள். தன் சொந்த வயலுக்கு முறை வராத நாளில் ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட எடுக்காத மனிதர் என்று பெயர் வாங்கியிருந்தார்.

அந்தப் பெயருக்கு இடைஞ்சல் வந்தது மகள் ஆகிலாவின் கல்யாணப் பேச்சோடு.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தால் ஒரு வீடும் பிறந்தாக வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்கிற ஊர் இது. ஊருக்குள் முனாப்புக்கு வீடு கட்ட வளவு இல்லை. இருந்தது ஊர் ஓரத்தில் மனைவி அஸீஸாவின் பங்காக வந்த ஒரு துண்டு வயல். மாரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதில் வீடு கட்ட வேண்டுமென்றால் முதலில் நிரப்ப வேண்டும். நிரப்புவதற்குக் கிறவல் என்கிற சிவப்புச் சரளை மண் வேண்டும்.

அஸீஸாவின் தம்பி முஸ்தாக் டிப்பர் வைத்திருந்தான். அவன்தான் வழி சொன்னான்.

“மச்சான், கிறவலுக்கு ஏன் அவ்வளவு தூரம் போற? உங்கட குளத்துக்கு மேல இரிக்கிற மேடு முழுக்கக் கிறவல்தானே. நீங்க கண்ண மூடினாக் காணும். மத்ததெல்லாம் நான் பாக்கன்.”

“நான் கண்ண மூடினா குளம் என்னடா செய்யும்?”

“குளம் உங்களப் போலதான் மச்சான். ஒண்டும் கதைக்கா.”

அஸீஸா சிரித்துவிட்டார். முனாப்பும் சிரித்தார். பத்து லோடு, அதற்கு மேல் இல்லை என்று சொல்லித்தான் கண்ணை மூடினார்.

அந்த மேடு யாரும் கணக்கெடுக்காத ஒரு பற்றைக்காடு. பாலை, வீரை, நடுவில் முட்செடி. மழை பெய்தால் தண்ணீர் அந்தப் பற்றைக்குள் ஊறி, இரண்டு நாள் பிந்தித்தான் ஓடைகளில் இறங்கும். இறங்கும்போது தெளிவாக இருக்கும். குளத்துக்குத் தண்ணீர் வருவது மேலிருந்து என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது எப்படி வருகிறது, எதன் வழியாக வருகிறது என்பதைப் பற்றி வட்டையில் ஒருவரும் யோசித்ததில்லை. வட்டவிதானையும்தான்.

பத்து லோடு முப்பதானது. மேட்டுக்குப் பாதை வெட்டியாயிற்று, மண் வெட்டும் பெக்கோ இயந்திரமும் ஏறியாயிற்று என்றான பிறகு, முஸ்தாக் அடுத்தவர்களுக்கும் ஏற்றினான். யாருக்குத்தான் பெண்பிள்ளை இல்லை? சம்மாந்துறையில், நிந்தவூரில், கல்முனைக்குப் போகிற வழியில் என்று வயல் நிரப்பின இடமெல்லாம் அந்தச் சிவப்புக் கிறவல் போயிற்று. இரண்டு வருடத்தில் மேடு தோலுரித்த மாடு போலக் கிடந்தது. பற்றை போன வெளியில் வெளியூர் ஆட்கள் சிலர் சோளம் போட்டார்கள்.

பிறகு வந்தது அந்த மாரி. முன்பெல்லாம் ஐப்பசிக் கடைசியில் தொடங்கி தை மாதம் வரை விட்டு விட்டுப் பெய்யும். அந்த வருடம் கார்த்திகையில் நாலே நாளில் மாரி முழுவதையும் கொட்டித் தீர்த்தது போலப் பெய்தது. மேட்டில் விழுந்த மழை அரை மணியில் குளத்துக்கு வந்தது, பால் தேத்தண்ணி நிறத்தில். மூன்று நாள் குளம் நிரம்பி, மிகுதி வழிந்தோடி வான் பாய்ந்தது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கல்முனையிலிருந்து கூட வான் பாய்வதைப் பார்க்க வந்தார்கள். முனாப் கட்டில் நின்று ஆட்களை விலக்கிக்கொண்டிருந்தார். குளம் நிறைந்த சந்தோசம் அவருக்கும் இருந்தது. அதற்குப் பிறகு தை முடியும் வரை இரண்டு தூறல், அவ்வளவுதான்.

மாசியில் ஒரு நாள், குளத்தின் மேற்குத் தலையில் ஒருவருடைய எருமைக் கன்று புதைந்து கிடக்கிறது என்று செய்தி வந்தது. முனாப் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முன்பு தலைக்கு மேல் தண்ணீர் நிற்கிற இடம். இப்போது தண்ணீர் முழங்காலுக்குத்தான் வந்தது. கால் மட்டும் தொடை வரை கீழே போயிற்று. கன்றை இழுத்துக் கரைசேர்த்துவிட்டு, ஒரு கம்பை எடுத்துக்கொண்டு திரும்ப இறங்கிச் சேற்றில் குத்திப் பார்த்தார். கம்பு அவர் அக்குள் உயரத்துக்கு இறங்கியது. மேலே எடுத்தபோது நுனி வரை சிவப்பு. ஆகிலாவின் வளவுக்குப் போய் வருகிற நாட்களில் அவர் செருப்பில் ஒட்டியிருக்கும் அதே சிவப்பு.

மதகுக்குப் பக்கத்தில் ஒரு சிமெந்துத் தூண் நிற்கிறது. அடிக்கணக்கு எழுதியிருக்கும். மதகு திறக்கிறபோதெல்லாம் தண்ணீர் இழுத்து ஓடுவதால் அந்த இடத்தில் மண் தங்காது. தூணில் ஒன்பது அடி இருந்தது. அது பொய் இல்லை. ஆனால் குளத்தின் மேற்குப் பாதியில் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் மண் இருந்தது. தூணைப் பார்க்கிறவனுக்கு அது தெரியாது. குளத்துக்குள் இறங்கினவனுக்குத்தான் தெரியும். இறங்கினவர் முனாப் ஒருவர்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மண் என்றால் எங்கேயிருந்து வந்த மண் என்று கேட்பார்கள். மேட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள். டிப்பர் ஓட்டம் நின்றுவிடும். ஆகிலாவின் வளவுக்கு இன்னும் நாற்பது லோடு தேவைப்பட்டது. மாப்பிள்ளை வீட்டார் சிறுபோக அறுவடை முடிந்த கையோடு நிக்காஹ் என்று நாள் குறித்திருந்தார்கள்.

பங்குனியில் கன்னக் கூட்டம் நடந்தது. போகம் தொடங்க முதல் காணிக்காரர்களும் உத்தியோகத்தர்களும் ஒன்றாக இருந்து, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது என்று தீர்மானிக்கிற கூட்டம். குளத்தில் தண்ணீர் குறைவென்றால் பெத்ம முறைக்குப் போவார்கள். குளத்துக்குக் கிட்ட இருக்கிற காணிகளை மட்டும் எடுத்து, அந்தப் போகத்துக்கு எல்லோருக்கும் பங்கிட்டு விதைப்பது. எல்லோருக்கும் கொஞ்சம் கிடைக்கும், ஒருவருக்கும் முழுதாய் அழியாது.

மதகடியில் மூன்று ஏக்கர் வைத்திருந்த குணம் முதலிலேயே எழும்பினார்.

“பெத்ம எண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்க. போன முறை என்ட காணிக்குள்ள பதினொரு பேர் இறங்கினவங்கள். போகேக்க என்ட வரம்பையும் சேர்த்து உழுதுபோட்டுப் போயிட்டாங்கள்.”

“நீ மட்டும் என்ன, அவங்கட கத்தரிக்காய்களப் புடுங்கித் தின்னல்லியா?” என்று பதியுதீன் பின்னாலிருந்து கேட்டார். அவர்தான் விவசாயிகள் சங்கத் தலைவர். கூட்டம் சிரித்தது.

புதிதாக வந்திருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் கலாராணி சிரிக்கவில்லை. “வட்டவிதானை, அளவு எத்தனை?”

“ஒம்பது அடி மிஸ்.”

“குளத்துக்குள்ள மண் படிஞ்சிருக்கா? மேல்பக்கம் ஏதாவது வித்தியாசம் கண்டனீங்களா?”

முனாப் பதில் சொல்ல எடுத்த நேரம் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அந்த நேரத்துக்குள் அவர் நிறைய யோசித்தார். பிறகு சொன்னார்.

“அப்பிடி ஒண்டும் இல்ல மிஸ். முந்நூறு ஏக்கருக்கும் தண்ணி காணும்.”

“விதானையார் சொன்னாத் தண்ணியும் கேட்டு நடக்கும்” என்றார் பதியுதீன். எல்லோரும் கை உயர்த்தினார்கள். முந்நூறு ஏக்கரும் விதைப்பதென்று எழுதியாயிற்று. கடைக்கண்டத்தில், வாய்க்கால் போய் முடிகிற இடத்தில் ஒன்றரை ஏக்கர் செய்கிற வல்லியம்மையும் கை உயர்த்தியிருந்தார். முனாப் அதைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பல முறை நினைத்திருக்கிறார்.

சித்திரையில் விதைத்தார்கள். கடைக்கண்டத்துக்குத் தண்ணீர் போய்ச் சேரவே பன்னிரண்டு நாள் பிந்தியது. ஆனி நடுவில் முறை ஐந்து நாளிலிருந்து எட்டு நாளானது. ஆனிக் கடைசியில் மதகு தண்ணீரோடு சேற்றையும் துப்பத் தொடங்கியது. மேல்கண்டங்களில் கதிர் முற்றிவிட்டது. கடைக்கண்டத்தில் பயிர் அப்போதுதான் கதிர் வெளிவராத குடலைப் பருவம். நெற்பயிருக்குத் தண்ணீர் மிகவும் வேண்டிய நேரம் அதுதான். ஒரு கிழமைக்குள் வயல் வெடித்து, வெடிப்புக்குள் கை போகிற அளவு வந்தது.

அப்போதுதான் வல்லியம்மை கட்டுக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. வட்டைக்குள் இன்னொரு கதை கிளம்பியது. வல்லியம்மை பிந்தி விதைத்தவ, அதனால்தான் அவவுக்கு இப்படி, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லையே என்று. முனாப்பின் முன்னாலேயே இதைப் பேசினார்கள். தண்ணீர் பிந்திப் போனதால்தான் அவர் பிந்தி விதைத்தார் என்று சொல்ல ஒரு வசனம் போதும். முனாப்புக்கு அந்த ஒரு வசனம் வாயில் வரவில்லை. அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும்.

ஆவணியில் ஆகிலாவின் நிக்காஹ் நடந்தது. வீடு முழுதாக முடியவில்லை என்றாலும் இரண்டு அறையும் குசினியும் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். முனாப் அந்த நாளெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

பத்து நாள் கழித்து ஒரு காலை, மழைத் தூறல் விட்ட நேரம், வல்லியம்மை அந்தப் புது வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு உரப் பை. அரைவாசிக்கும் குறைவாக நெல்.

“உங்கட பங்கு தம்பி. பழைய வீட்டுக்குப் போனன், மகள்ட வீட்ட நிக்கிறதெண்டு சொன்னாங்க.”

முனாப் வாசலுக்கு இறங்கினார். “அக்கா, உங்கட வெள்ளாம அழிஞ்சி போச்சே. உங்களிட்ட ஆரு கேட்ட?”

“அழிஞ்சதுதான். ஒண்டுமே வராமலும் போகல்ல. சப்பி, பதரெல்லாம் புடைச்சு எடுத்துப்போட்டுத்தான் கொண்டு வந்தன், பயப்படாதீங்க. தண்ணி பாத்தவருக்குக் குடுக்காமத் திண்டா அந்தச் சோறு செமிக்காது.”

ஆகிலா தேத்தண்ணி ஊற்றப் போனாள். வல்லியம்மை உள்ளே வர முன்னம் காலைக் கழுவப் பைப்படிக்குப் போனார். ஒரு காலை மற்றக் காலால் தேய்த்தார். மண் போகவில்லை. குனிந்து விரலால் தேய்த்தார்.

“இது நம்மட குளத்து மேட்டு மண்ணெல்லா” என்றார். “முந்தி விறகெடுக்கப் போன நேரம் ஒட்டினா இப்பிடித்தான், லேசில போகாது.”

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு நிமிர்ந்து முனாப்பைப் பார்த்தார். முனாப்பின் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. வல்லியம்மை திரும்பி வளவைப் பார்த்தார். சுற்றிவர, வாசலிலிருந்து வேலி வரை, அதே சிவப்பு. பைப்பை மூடினார். வீட்டுக்குள் ஏறாமலேயே நெல்லை வாசலில் கொட்டிவிட்டு, வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். பையையும் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அது அவருக்குத் தேவைப்பட்டது.

ஆகிலா தேத்தண்ணியோடு வந்தபோது வாசலில் வாப்பாவும் நெல்லும்தான் இருந்தார்கள்.

“அவ எங்க வாப்பா?”

“போயிட்டா.”

“ஏன், என்ன சொன்ன நீங்க?”

முனாப் அந்த இடத்திலேயே, நெல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். கம்பு அக்குள் வரை இறங்கியதையும் சொன்னார். கூட்டத்தில் ஒரு மூச்சு விடுகிற நேரம் யோசித்ததையும் சொன்னார். ஆகிலா கேட்டுக்கொண்டே நெல்லை ஒரு சுளகில் அள்ளினாள். ஒரு மணியைக் கூட நிலத்தில் விடவில்லை.

“எனக்கு ஊடு வேணும் எண்டு நான் கேட்ட நானா?”

“நீ கேக்கல்ல மகள்.”

“ஆனா இப்ப நான்தான் இதுக்க இரிக்கன்” என்றாள்.

முஸ்தாக் விசயத்தைக் கேள்விப்பட்டு ஓடிவந்தான். “மச்சான், வாயத் தொறக்காதீங்க. தொறந்தா என்ட டிப்பர் மட்டும் நிக்கிற இல்ல. பள்ளிக்குத் தொழ வாற பாதிப் பேருட வளவும் அந்த மண்தான். அவங்களையும் சேத்துத்தான் கேவலப்படுத்தப் போறீங்க.”

“நான் என்னப் பத்தித்தான் சொல்லப் போறன். அவங்க அவங்களப் பாத்துக்கொள்ளட்டும்.”

ஆனால் சொல்வதற்கு அவருக்கு ஏழு மாதம் எடுத்தது. இதை மறைக்கக் கூடாது. மாரி விதைப்புக்கான பெரும்போகக் கூட்டத்தில் சொல்வதற்கு எழும்பினார், மழைக்காலம்தானே, தண்ணீர் வரும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு திரும்ப உட்கார்ந்துவிட்டார். வல்லியம்மையைக் கண்ட இடங்களில் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். ஒரு முறை கல்முனைச் சந்தையில் நேருக்கு நேர் அகப்பட்டபோது, வல்லியம்மைதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவருக்கு இடம் விட்டது போல.

மறுபடி பங்குனி வந்தது. கன்னக் கூட்டம். கலாராணி வழக்கம்போல அளவைக் கேட்டார். தூணில் எட்டரை அடி.

“எட்டர அடி மிஸ். ஆனா அதுல நீங்க கணக்குப் பாக்கக் கூடா.” முனாப் எழும்பி நின்றார். “குளத்துட மேக்குப் பாதி மண். நாலடிக்கு மேல. இது எனக்குப் போன வருசமே தெரியும். தெரிஞ்சுதான் இல்லண்டு சொன்ன நான். மேட்டுக் கிறவல் என்ட மகள்ட வளவுக்குப் போன. வல்லியம்மை அக்கா பிந்தி விதைச்சதால அழியல்ல. நான் சொன்ன பொய்யால அழிஞ்ச.”

கூட்டத்தில் பெரிய சத்தம் எழும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். ஏசுவார்கள், அடிக்கவும் வருவார்கள் என்று நினைத்திருந்தார். ஆனால் பதியுதீன் மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். அவருடைய இரண்டாவது மகளின் வீடு அந்த மண்ணில்தான் நிற்கிறது. முன்வரிசையில் இருந்த காணிக்காரர் முகம்மது தம்பி நிலத்தைப் பார்த்தார். அவர் வளவும் அதுதான். மூன்றாம் வரிசையில் ஒருவர் எழும்பி, வெற்றிலை துப்பப் போகிறவர் போல வெளியே போனார். நாற்பது பேர் இருந்த மண்டபத்தில் யார் யார் வீட்டில் பெண்பிள்ளை இருக்கிறது என்று குனிந்த தலைகளை வைத்தே எண்ணியிருக்கலாம்.

கடைசியில் வல்லியம்மையின் குரல்தான் கேட்டது.

“எல்லாரும் இப்பிடிக் குனிஞ்சுகொண்டிருந்தா மண் போயிருமா? இந்த முறை என்ன செய்யிற எண்டு கதையுங்க. எனக்கு விதைப்புக்கு ஆள் பிடிக்கிற வேலை இருக்கு.”

அதற்குப் பிறகு கதைத்தார்கள். பெத்ம என்று தீர்மானமாயிற்று. குணம் கூட எதிர்க்கவில்லை. வரம்பை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார். மேட்டில் இனிக் கிறவல் வெட்டக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். முஸ்தாக்கின் டிப்பர் அந்த மேட்டுக்கு வரவில்லை. ஆனால் வேறெங்கோ ஒரு மேட்டுக்குப் போகிறது என்று கேள்வி. போன மண்ணைத் திரும்ப மேட்டில் வைக்க ஒருவராலும் முடியாது. குளத்து மண்ணை அள்ளுவதற்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். எப்போது நடக்கும் என்று தெரியாது.

முனாப்பை அவர்கள் மன்னித்தார்கள் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அன்றே கை உயர்த்தி முகம்மது தம்பியை வட்டவிதானையாகத் தெரிந்தெடுத்தார்கள். முனாப் மதகுத் திறப்பை மேசையில் வைத்தார். வைத்த சத்தம் அவருக்கே பெரிதாகக் கேட்டது. கலாராணிதான் இன்னொரு வேலை சொன்னார்: மாதத்துக்கு ஒரு முறை குளத்துக்குள் இறங்கி ஐந்து இடத்தில் கம்பு குத்தி மண்ணின் உயரம் எடுத்துத் தர வேண்டும். அந்த வேலைக்கு நெல் கிடையாது. முனாப் சரி என்றார்.

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக் கம்போடு இறங்குகிற நாளில் கட்டில் நிற்கிற பொடியன்கள் “கிறவல் விதானை” என்று கூப்பிடுவார்கள். அவர் திரும்பிப் பார்ப்பார், கோபிக்க மாட்டார். வல்லியம்மை இப்போது அவரோடு கதைக்கிறார். தேவையான அளவு மட்டும். பழைய “தம்பி” இன்னும் வரவில்லை.

இதை எழுதப் போகிறேன் என்று முனாப்பிடம் சொன்னேன். பெயரை மாற்றி எழுதவா என்று கேட்டேன். “மாத்தினா ஆரோ ஒருத்தன் செய்தது எண்டு வாசிச்சிட்டுப் போயிருவாங்க” என்றார்.

ஆகையால் வாசித்த உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்த யாராவது இந்த வருடம் வளவு நிரப்பக் கிறவல் பேசிக்கொண்டிருப்பார். யாராவது கன்னக் கூட்டத்துக்குப் போவார். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது முனாப் என்றே சொல்லுங்கள். அவர் அப்படித்தான் கேட்டார்.